அடுத்தவர் தளத்தில் ஒட்டும் விட்ஜெட்டுக்குத் தமிழ் அமைப்பது எப்படி? டெல்டாவின் அறுப்பு வண்டிப் பதிவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என நாலு மாவட்டத்திலும் சம்பா அறுப்பு தை, மாசியில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்துவிடும். எல்லாருக்கும் அதே நாட்களில் அறுப்பு வண்டி வேண்டும். உரக்கடை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், வண்டி வைத்திருப்பவர் என யாருடைய இணையதளத்திலும் இரண்டு வரி புரோகிராம் கோடை ஒட்டினால் போதும், வண்டிப் பதிவுப் பெட்டி அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்கிற மாதிரி ஒரு விட்ஜெட் செய்வதாக வைத்துக்கொள்வோம். அதற்குள் தமிழை எப்படிச் சரியாக அமைப்பது என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். சாட் பெட்டி, லாட்ஜ் அறைப் பதிவு, பாரம்பரிய அரிசி ஆர்டர் படிவம் என எதுவானாலும் முறை இதுதான்.

சொந்தத் தளத்துக்குத் தமிழ் சேர்ப்பதைவிட விட்ஜெட்டுக்குச் சேர்ப்பது சிரமம். அது போய் இருக்கும் பக்கம் உங்களுடையது அல்ல. அந்தப் பக்கத்தின் மொழி, எழுத்துரு, பாதுகாப்பு விதி எதுவும் உங்கள் கையில் கிடையாது. அதனால் வேலையில் பாதி சொற்களில் இருக்கிறது, மீதி பாதி அந்தப் பக்கத்தோடு ஒத்துப்போவதில் இருக்கிறது.

இன்னொன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழைத்தான் மூல மொழியாக வைக்க வேண்டும், ஆங்கிலம் அதிலிருந்து பிறக்கட்டும். வரப்பில் நின்றுகொண்டு போனைப் பார்க்கிறவர் படிக்கப்போவது தமிழ். ஆங்கிலத்தில் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் மொழிபெயர்க்கக் கொடுத்தால், பெட்டியின் அமைப்பே ஆங்கில வாக்கியத்துக்கு ஏற்றபடி இறுகிப்போயிருக்கும். அப்புறம் எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் அதை நிமிர்த்த முடியாது.

படி 1: கேள்விகளைத் தமிழில் எழுதுங்கள்

கோடைத் தொடுவதற்கு முன், வண்டிக்காரரும் விவசாயியும் போனில் என்ன பேசிக்கொள்கிறார்களோ அதைத் தாளில் எழுதுங்கள். எந்த ஊர்? எத்தனை மா? பெல்ட் வண்டியா, டயர் வண்டியா? வயலில் தண்ணீர் நிற்கிறதா? பயிர் சாய்ந்திருக்கிறதா? வண்டி இறங்க வழி உண்டா? என்றைக்கு வேண்டும்? பெட்டி கேட்க வேண்டியது இவ்வளவுதான். ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதைந்துவிடும், பெல்ட் வண்டிதான் இறங்கும். ஆகவே தண்ணீர் பற்றிய கேள்வியை யாரும் விட மாட்டார்கள். அதையே 'மண்ணின் ஈரப்பத நிலை' என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர் தயங்குவார். 'வயலில் தண்ணீர் நிற்கிறதா?' என்று கேட்டால் உடனே பதில் வரும்.

பொத்தான்களில் எந்த வினை வடிவம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 'அனுப்பு', 'அனுப்பவும்', 'அனுப்புங்கள்' மூன்றும் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடப்பதை நிறைய இடங்களில் பார்க்கிறோம். நான் 'அனுப்புங்கள்' கட்சி. நேரில் பேசும் மரியாதை அதில் இருக்கிறது, 'சமர்ப்பிக்கவும்' என்பதைவிட இடமும் குறைவாகவே எடுக்கும். எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சொற்களைக் கோடிலிருந்து வெளியே எடுங்கள்

திரையில் தெரியும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சாவி, அதாவது அடையாளப் பெயர், கொடுத்து, மொழிக்கு ஒன்றாக ஜேசான் கோப்பில் (சாவியும் அதற்கான வரியும் ஜோடியாக இருக்கும் எளிய எழுத்துக் கோப்பு) வையுங்கள். சாவியின் பெயர் அந்த வரி எங்கே பயன்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். 'படிவம்.ஊர்.தலைப்பு', 'படிவம்.ஊர்.பிழை.காலி' என்கிற மாதிரி. ஆங்கில வரியையே சாவியாக வைக்கும் பழக்கம் வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வர வேண்டியிருக்கும். பொத்தானில் 'பதிவு செய்யுங்கள்', பட்டியலின் தலைப்பில் 'பதிவுகள்'. சாவி ஒன்றாக இருந்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

கோப்பை யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். கோப்பின் தொடக்கத்தில் சேரும் பிஓஎம் குறி வேண்டாம், சில ஜேசான் வாசிப்பான்கள் அதைப் பார்த்ததுமே நின்றுவிடும்.

கண்ணுக்கு எளிதில் படாத வரிகள்தான் வழக்கமாக விட்டுப்போகின்றன. உள்ளீட்டுப் பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் உதவி வரி, படத்துக்கான மாற்று உரை, மூடும் பொத்தானுக்குத் திரைவாசிப்பான் படிக்கும் ஏரியா லேபிள், சர்வரிலிருந்து வரும் பிழைச் செய்தி எல்லாம் இதில் சேரும். சர்வர் வாக்கியமாக எதையும் அனுப்பக் கூடாது. 'அந்த நாளில் வண்டி இல்லை' என்பதற்கு ஒரு குறி மட்டும் அனுப்பட்டும், அதை எந்த மொழியில் சொல்வது என்பதை விட்ஜெட் பார்த்துக்கொள்ளும்.

ஒரு புலத்தைக் காலியாக விட்டால் பிரவுசரே காட்டும் எச்சரிக்கை இருக்கிறதே, அது பக்கத்தின் மொழியில் வராது, பிரவுசரின் மொழியில்தான் வரும். தமிழ்ப் படிவத்துக்கு நடுவே திடீரென்று ஆங்கிலக் குமிழி தோன்றுவது இதனால்தான். செட்கஸ்டம்வேலிடிட்டி என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி மூலம் உங்கள் வரியைக் கொடுக்கலாம். அல்லது பிரவுசரின் சரிபார்ப்பை அணைத்துவிட்டு, புலத்துக்குக் கீழேயே பிழையைக் காட்டலாம். சின்னத் திரைக்கு இரண்டாவது வழிதான் தெளிவாக இருக்கும்.

பழைய நோட்டீஸ், விலைப்பட்டியல் கோப்புகளிலிருந்து சொற்களை எடுப்பதானால் கவனம் தேவை. டிடிபி கடைகளில் அடித்தவை பெரும்பாலும் பாமினி போன்ற பழைய குறியீட்டில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு, ஒவ்வொரு வரியையும் ஒரு ஆள் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும்.

படி 3: எந்த மொழியில் திறப்பது?

தமிழுக்கான ஐஎஸ்ஓ 639-1 குறி டி, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்து. அதோடு நாட்டுக் குறி சேர்ந்தால் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் என்று பிரியும். டெல்டாவில் இது ஏட்டுச் செய்தி அல்ல. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் ஊர்கள் உண்டு. அங்கிருந்தே ஊர் நிலத்துக்கு வண்டி பதிவு செய்வார்கள். அவர்கள் போன் சிங்கப்பூர்த் தமிழ் என்று சொன்னால், உங்களிடம் அந்தக் கோப்பு இல்லை என்பதற்காக ஆங்கிலத்துக்குத் தாவிவிடக் கூடாது. முதலில் முழுக் குறியைத் தேடு, இல்லையென்றால் வெறும் தமிழ், அதுவும் இல்லையென்றால்தான் ஆங்கிலம். இந்த வரிசை, கோப்புக்கு மட்டுமல்லாமல் ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும்.

தொடக்க மொழியை எதை வைத்து முடிவு செய்வது என்பதற்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது. பயனர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த மொழி எல்லாவற்றுக்கும் மேலே. அடுத்து, தள உரிமையாளர் ஒட்டும் கோடில் டேட்டா-லாங் பண்பாகக் கொடுத்தது. அடுத்து, பக்கத்தின் ஹெச்டிஎம்எல் லாங் பண்பு, அதாவது அந்தப் பக்கம் எந்த மொழி என்று அதன் கோடில் குறித்திருப்பது. அதற்கும் பிறகுதான் பிரவுசரின் மொழிப் பட்டியல். எதுவுமே பொருந்தவில்லை என்றால் தமிழ்.

பிரவுசர் மொழியை இவ்வளவு கீழே வைக்கக் காரணம் உண்டு. பலருடைய போன் வாங்கிய நாளிலிருந்து ஆங்கில அமைப்பிலேயே இருக்கும், ஆனால் அவர்கள் படிப்பது தமிழ். பக்கத்தின் லாங் பண்பையும் முழுதாக நம்ப முடியாது. ஆயத்த தீம் போட்ட தளங்களில் உள்ளடக்கம் முழுக்கத் தமிழாக இருந்தும் அந்தப் பண்பில் ஆங்கிலம் என்றே கிடக்கும். ஆகவே ஒட்டும் கோடைக் கொடுக்கும்போதே மொழியை வெளிப்படையாகக் குறிப்பிடச் சொல்லி, அந்த வரியை மாதிரியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஐபி முகவரியை வைத்து மொழியைக் கணிக்கவே வேண்டாம். கூத்தாநல்லூரில் இருப்பவரின் மொபைல் இணைப்பு வேறு மாநிலத்து நகரமாகக் காட்டலாம்.

மொழி மாற்றும் பொத்தான் எப்போதும் கண்ணில் படும்படி இருக்கட்டும். ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்தில் இருக்க வேண்டும். கொடிப் படம் வேண்டாம், நாடு வேறு மொழி வேறு. மொழியை மாற்றும்போது பக்கம் மறுபடி ஏறக் கூடாது. ஊர், அளவு, போன் எண் எல்லாம் அடித்து முடித்தவருக்கு அவை அழிந்துபோனால் மறுபடி அடிக்கப் பொறுமை இருக்காது, வேறு வண்டிக்காரருக்குப் போன் போட்டுவிடுவார்.

படி 4: ஐஃபிரேமா, ஷேடோ டாமா?

விட்ஜெட்டை வேறொரு பக்கத்துக்குள் தனியாகப் பிரித்து வைக்க நடைமுறையில் முக்கியமாக இரண்டு வழி உண்டு. மொழி விஷயத்தில் இரண்டும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஐஃபிரேம் என்பது பக்கத்துக்குள் ஒரு சன்னல் மாதிரி திறக்கும் தனி ஆவணம். வெளிப் பக்கத்தின் லாங் பண்பு உள்ளே வராது, நீங்கள்தான் முகவரியில் ஒரு அளவுருவாக மொழியை அனுப்ப வேண்டும். பயனர் வெளிப் பக்கத்தில் மொழியை மாற்றினால், இரண்டு ஆவணங்களுக்கு இடையே செய்தி அனுப்பும் போஸ்ட்மெசேஜ் மூலம் உள்ளே சொல்ல வேண்டும். செய்தி எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று சரிபார்க்காமல் எதையும் ஏற்க வேண்டாம். மொழித் தேர்வை ஐஃபிரேமுக்குள் லோக்கல்ஸ்டோரேஜ் என்ற பிரவுசர் சேமிப்பில் வைத்தால் இன்னொரு சிக்கல். ஒரு தளத்துக்குள் சேமித்தது வேறு தளத்தில் ஒட்டிய அதே விட்ஜெட்டுக்குக் கிடைக்காது, இன்றைய பிரவுசர்கள் தளவாரியாகப் பிரித்து வைக்கின்றன. அதனால் உரக்கடைத் தளத்தில் தமிழைத் தேர்ந்தவர் உற்பத்தியாளர் நிறுவனத் தளத்தில் மறுபடி தேர்ந்தெடுக்க நேரும். தொடக்கமே தமிழாக இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் எழாது.

ஷேடோ டாம் என்பது அதே பக்கத்துக்குள் உங்கள் பெட்டிக்கென்று பிரித்து வைக்கும் பகுதி. அதில் லாங் பண்பு வெளியிலிருந்து உள்ளே வரும். ஆனால் எழுத்துருவும் கூடவே வந்துவிடும். பழைய தளம் ஒன்று இன்னமும் பாமினி எழுத்துருவில் இருந்தால், உங்கள் பெட்டிக்குள் உள்ள ஆங்கில எழுத்துகள் எல்லாம் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாக மாறித் தெரியும். வெளி உறுப்பில், வெளியிலிருந்து வரும் தோற்ற அமைப்புகளை நீக்கும் 'ஆல்: இனிஷியல்' என்ற சிஎஸ்எஸ் விதியைப் போட்டு, எழுத்துரு, அளவு, வரி உயரம் மூன்றையும் நீங்களே மறுபடி கொடுங்கள். தனி எழுத்துரு தருவதானால் அதற்கான ஃபான்ட்ஃபேஸ் விதி ஷேடோவுக்குள் எடுபடாது, முதன்மை ஆவணத்தில்தான் சேர்க்க வேண்டும்.

எந்த வழியானாலும் பெட்டியின் மேல் உறுப்பில் சரியான லாங் பண்பை நீங்களே போட்டுவிடுங்கள். திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுப்பது அதைப் பார்த்துத்தான். டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் நெறிமுறையில் 3.1.1, 3.1.2 என்ற இரண்டு விதிகள் இதற்காகவே இருக்கின்றன. எந்த முகவரியிலிருந்து கோப்புகள் வரலாம் என்று கட்டுப்படுத்தும் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி தளத்தில் இருந்தால், மொழிக் கோப்பு வரும் முகவரிக்கும் அனுமதி வாங்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி வரும், சொற்கள் வராது. தமிழ்க் கோப்பை முதன்மை ஸ்கிரிப்ட்டோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை. ஆங்கிலம் ஒரு கணம் தெரிந்து பிறகு தமிழாக மாறும் படபடப்பும் போய்விடும்.

படி 5: வாக்கியத்துக்குள் மாறிகள்

தமிழில் எழுதும் விட்ஜெட்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். 'இத்தனையாம் தேதி இந்த ஊரில் வண்டி உண்டு' என்ற வரியில் ஊர்ப் பெயர் வரும் இடத்தில் மாறியை வைத்து, அதன் பின்னால் 'இல்' என்று ஒட்டினால் என்ன ஆகும்? 'கும்பகோணம்இல்' என்று வரும். கும்பகோணம் கும்பகோணத்தில் ஆக வேண்டும், மன்னார்குடி மன்னார்குடியில் ஆக வேண்டும், திருவாரூர் திருவாரூரில் ஆக வேண்டும். ஒரே ஒட்டு எல்லா ஊருக்கும் பொருந்தாது.

இதற்கு மூன்று வழி உண்டு. முதலாவது, வேற்றுமை உருபே தேவைப்படாத அமைப்பு. 'ஊர்: கும்பகோணம்', 'நாள்: பிப்ரவரி 3' என்று தனித்தனி வரியாகக் காட்டுவது. பதிவை உறுதிசெய்யும் திரைக்கு இதுதான் சிறந்தது, கண்ணால் சரிபார்க்கவும் எளிது. இரண்டாவது, உருபைத் தாங்க ஒரு சொல்லைப் பின்னால் வைப்பது. 'கும்பகோணம் பகுதியில்', 'மன்னார்குடி பகுதியில்' என்று எந்த ஊருக்கும் சரியாக வரும். ஆள் பெயருக்கு 'அவர்களுக்கு' என்று சேர்த்தால் மரியாதையும் வந்துவிடும், உருபுச் சிக்கலும் தீரும். மூன்றாவது, மாவட்டப் பெயர்கள் மாதிரி பட்டியல் சிறியதாக இருந்தால் வேற்றுமை வடிவங்களைக் கையாலேயே எழுதி வைத்துக்கொள்வது. தஞ்சாவூரில், திருவாரூரில், நாகப்பட்டினத்தில், மயிலாடுதுறையில் என்று நாலு வரி, அவ்வளவுதான். கிராமப் பெயர்களுக்கு இதை முயல வேண்டாம்.

துண்டு துண்டாக வரிகளைக் கோடில் ஒட்டி வாக்கியம் ஆக்காதீர்கள். 'வண்டி' என்று ஒரு சாவி, 'தேவை' என்று ஒரு சாவி, நடுவில் எண் என்று வைத்தால், தமிழில் வினை கடைசியில் வருவதும் ஆங்கிலத்தில் நடுவில் வருவதும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். முழு வாக்கியமும் ஒரே சாவியாக, மாறிகளுக்கு இடம் விட்டு இருக்கட்டும்.

ஒருமை பன்மைக்கு, எண்ணுக்கு ஏற்ற வரியைத் தேர்ந்தெடுக்கும் ஐசியு மெசேஜ்ஃபார்மட் முறை உதவும். மொழிவாரி விதிகளைத் தொகுத்து வைக்கும் யூனிகோடின் சிஎல்டிஆர் தரவில் தமிழுக்கு 'ஒன்று', 'மற்றவை' என இரண்டே பிரிவு. 'ஒரு வண்டி இருக்கிறது', '3 வண்டிகள் இருக்கின்றன'. பூஜ்யத்துக்கென்று தமிழில் தனிப் பிரிவு கிடையாது, அதற்கான வரியை நீங்கள் தனியாக எழுத வேண்டும். '0 வண்டிகள் இருக்கின்றன' என்று காட்டுவதில் யாருக்கும் பயனில்லை. 'அன்று வண்டி இல்லை. அடுத்த நாள் பார்க்கலாமா?' என்று எழுதினால் பதிவு தொடரும்.

படி 6: எண், தேதி, மா

எண்களை நீங்களே கமா போட்டுப் பிரிக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள நம்பர்ஃபார்மட் வசதிக்கு இந்தியத் தமிழ் என்று சொன்னால் 1,25,000 என்று லட்சக் கணக்கில் பிரித்துக் கொடுக்கும். சிங்கப்பூர்த் தமிழ் என்று சொன்னால் அதே எண் 125,000 ஆகிவிடும். வாடகை ரூபாயில்தான் என்பதால், பயனரின் நாட்டுக் குறி எதுவானாலும் தொகைக்கு மட்டும் இந்தியத் தமிழையே நிலையாக வையுங்கள். தமிழ் எண் குறிகளை வாடகைக்கும் போன் எண்ணுக்கும் போட வேண்டாம். கணக்குப் பார்ப்பவர்கள் 1, 2, 3 என்றே பழகியிருக்கிறார்கள்.

தேதிக்குப் பிரவுசர் தரும் தேதிப் புலம் வேண்டாம் என்பேன். அதன் மொழியும் வரிசையும் பிரவுசரின் விருப்பப்படிதான் வரும். அறுப்பு வண்டியை யாரும் மூன்று மாதத்துக்கு முன்னால் பதிவதில்லை. 'நாளை', 'நாளை மறுநாள்', பிறகு வரும் நாட்கள் என ஒரு வரிசையாகப் பொத்தான்கள் வைத்தால் போதும், கிழமைக்கு ஞா, தி, செ, பு, வி, வெ, ச. நேரம் என்றால் பொழுது முன்னால் வரட்டும். 'காலை 7 மணி', 'மாலை 4 மணி'.

தமிழ் மாதமும் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்பார்கள், நியாயமான ஆசைதான். ஆனால் பிரவுசரில் தமிழ் நாட்காட்டி கிடையாது. 'இந்தியன்' என்ற பெயரில் ஒரு நாட்காட்டி இருக்கிறது, அது 1957-ல் அரசு ஏற்ற, சக ஆண்டுக் கணக்கில் அமைந்த தேசிய நாட்காட்டி. அதைத் தை, மாசி என்று மாற்றிக் காட்டினால் தேதி தப்பாகிவிடும். அந்தந்த ஆண்டுப் பஞ்சாங்கத்திலிருந்து மாதப் பிறப்புத் தேதிகளை எடுத்து ஒரு சின்ன அட்டவணை வைத்தால்தான் சரியாக வரும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க ஆள் இல்லையென்றால் தமிழ் மாதத்தையே விட்டுவிடலாம்.

அளவுதான் டெல்டாவுக்கே உரிய விஷயம். இங்கே நிலத்தை மா கணக்கில் சொல்வார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, மூன்று மா சுமாராக ஒரு ஏக்கர். அரசு அறிவிப்புகளில் ஹெக்டேரும் வரும், அது ஏறத்தாழ 2.47 ஏக்கர். படிவத்தில் மா, ஏக்கர் இரண்டையும் தேர்வாகக் கொடுங்கள், மா முதலில் இருக்கட்டும். முக்கியமான விஷயம், பயனர் தந்த எண்ணையும் அலகையும் அப்படியே சேமியுங்கள். 4 மாவை 1.33 ஏக்கர் ஆக்கிச் சேமித்துவிட்டு மறுபடி மாவாக்கினால் 3.99 மா என்று வரும். தன் நிலத்தை 3.99 மா என்று சொல்கிற பெட்டியை யார் நம்புவார்கள்? மாற்றிய கணக்கு வேண்டுமானால் பக்கத்தில் தனியாக இருக்கட்டும்.

படி 7: பெயரும் ஊரும் அடிக்கும் இடம்

பெயருக்கு ஒரே புலம் போதும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்தால் தலைப்பெழுத்தோடு பெயர் எழுதுகிறவர்கள் திகைப்பார்கள். பெயரைச் சரிபார்க்கும் விதியில் ஆங்கில எழுத்து மட்டும் என்று இருந்தால் தமிழ்ப் பெயரே நுழையாது. அதைத் திருத்தி 'எந்த மொழி எழுத்தும்' என்று மாற்றினால்கூடப் போதாது. யூனிகோடில் தமிழின் கால், கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்து வகையில் வராது, குறி வகையில் வரும். இரண்டு வகையையும் அனுமதித்தால்தான் 'முருகன்' உள்ளே போக முடியும்.

நீள வரம்பையும் பாருங்கள். 'திருத்துறைப்பூண்டி' நமக்கு 9 எழுத்து, கணினிக்கு 18. கோடில் 15-ல் வெட்டினால் 'திருத்துறைப்பூண' என்று நின்றுவிடும். வெட்டியே ஆக வேண்டுமானால் ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல் தொகுப்பில் உள்ள செக்மென்டர் வசதி மூலம் முழு எழுத்தாக எண்ணி வெட்டுங்கள். ஊர்ப் பெயரை வெட்டாமல் இருப்பதே நல்லது.

'கொ' என்ற எழுத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்று, தேடினால் வேறு. 'கொரடாச்சேரி' என்று அடித்தும் பட்டியலில் கிடைக்காமல் போவது இதனால்தான். உள்ளே வரும் எல்லா எழுத்தையும், இந்த இரண்டையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

ஊர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்த வெறும் ஒப்பீடு உதவாது. யூனிகோட் வரிசையில் 'ன' முன்னால் இருக்கிறது, தமிழ் அகரவரிசையில் அது கடைசி. அதனால் மன்னார்குடி மேலே போய், மயிலாடுதுறை கீழே தங்கிவிடும். இன்ட்ல் தொகுப்பிலேயே உள்ள, மொழிக்கு ஏற்றபடி வரிசைப்படுத்தும் கொலேட்டர் வசதியைத் தமிழுக்கு அமைத்தால் மயிலாடுதுறை முன்னால் வரும். தேடலில் மாற்றுப் பெயர்களையும் சேருங்கள். மாயவரம் என்றுதான் பலர் அடிப்பார்கள். குடந்தை, நாகை, தஞ்சை எல்லாமும் வேண்டும். ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர் அடிப்பவர்களும் நிறைய, அந்த எழுத்துக்கூட்டல்களையும் இணைத்துவிடுங்கள். மாவட்டத்தைப் பெயரால் அல்லாமல் குறியால் சேமிக்க வேண்டும். 2020-ல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனபோது நாகப்பட்டினம் என்று சேமித்திருந்த பழைய முகவரிகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் காரணம் விளங்கும். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது, மொழி அதே தமிழ். மாநிலத்தையும் மொழியையும் கோடில் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள்.

விசைப்பலகை பற்றி ஒரு சொல். தமிழ் விசைப்பலகை எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு தட்டலுக்கும் உள்ளீட்டைத் திருத்தினால் எழுத்து உடையும். சாட் பெட்டியில் என்டர் விசைக்கு அனுப்புவதானால், எழுத்துக் கூட்டல் நடக்கிறதா என்று இஸ்கம்போசிங் பண்பைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். போன் எண் புலத்தில் எண் விசைப்பலகை தானாகத் திறக்கும்படி இன்புட்மோடு பண்பைப் போடுங்கள். கடைசியில் ஒரு குறிப்புப் பெட்டியும் வையுங்கள். மைக்கைத் தொட்டு 'கோயில் பின்னாடி வாய்க்கா ஓரம்' என்று சொல்லிப் பதிகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

படி 8: எழுத்துருவும் இடமும்

ஆண்ட்ராய்டு போனில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது, விண்டோஸிலும் நிர்மலா யுஐ இருக்கிறது. விட்ஜெட்டுக்காகத் தனி எழுத்துருவை இறக்க வைப்பது தேவையில்லாத சுமை. வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டுங்கள், இல்லையென்றால் மேலே இகர வளைவும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். எழுத்து இடைவெளி விதியைத் தமிழில் பூஜ்யமாக்குங்கள். சாய்வெழுத்து வேண்டாம். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்காமல், இரண்டு வரியாக மடியவும் இடம் விடுங்கள். 360 பிக்சல் அகலத்தில் எல்லாம் அடங்க வேண்டும்.

படி 9: குறுஞ்செய்தி

பதிவு முடிந்ததும் போகும் எஸ்எம்எஸ்ஸும் விட்ஜெட்டின் பகுதிதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70. அந்த 70-ல் ஒவ்வொரு கொம்பும் புள்ளியும் தனி இடம் பிடிக்கும், 'மயிலாடுதுறை' மட்டுமே 11. ஆகவே நாள், வண்டி வகை, ஓட்டுநரின் எண் மட்டும் போகட்டும். வணக்கமும் நன்றியும் திரையிலேயே சொல்லிக்கொள்ளலாம். இந்தியாவில் வணிகச் செய்திகளின் வார்ப்புருக்களை முன்கூட்டியே டிஎல்டி என்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். தமிழ் வார்ப்புருவுக்குத் தனிப் பதிவு தேவை, அதற்கு ஆகும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 10: சோதனையும் பராமரிப்பும்

ஒரு சாவி விட்டுப்போனால் திரையில் சாவியின் பெயர் தெரியக் கூடாது, அடுத்த மொழியின் வரி வர வேண்டும். அதே நேரம் உங்களுக்கு ஒரு பதிவும் வர வேண்டும். தளக்காரர் சில சொற்களை மாற்றிக்கொள்ள வழி கொடுங்கள். ஒருவர் 'அறுப்பு மிஷின்' என்பார், இன்னொருவர் 'அறுப்பு வண்டி' என்பார். ஆனால் அவர் தரும் வரியை வெறும் எழுத்தாக மட்டுமே திரையில் போடுங்கள், ஹெச்டிஎம்எல் ஆக ஏற்றுவது பாதுகாப்புக்கு ஆபத்து. பிரவுசரின் தானியங்கி மொழிபெயர்ப்பு ஊர்ப் பெயர்களைத் தொடாதபடி 'டிரான்ஸ்லேட்' பண்பில் வேண்டாம் என்று குறித்துவிடுங்கள்.

சோதிக்கும்போது குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன், வெயிலில் திரை, மெதுவான இணைப்பு மூன்றும் இருக்கட்டும். ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கை இயக்கிப் படிவத்தை முழுக்கக் கேளுங்கள். பிறகு இதைச் செய்தவர்களில் யாரும் இல்லாமல், வண்டி பதிகிற ஒரு விவசாயியிடம் போனைக் கொடுத்துவிட்டு, எதையும் சொல்லாமல் பாருங்கள். எந்த வரியில் அவர் விரல் நிற்கிறதோ அந்த வரியைத் திருத்துங்கள்.

மொழிக் கோப்பின் பெயரிலேயே அதன் பதிப்பு அடையாளம் இருந்தால், பழைய கோப்பு போனில் தங்கிவிடாது. மாற்றங்களுக்கான காலத்தையும் பயிரைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு போட்டி போட்டுக்கொண்டு வரும், சம்பா தையில் தொடங்கும். ஆகவே ஆவணிக்குள் ஒரு முறை, மார்கழி பாதிக்குள் ஒரு முறை எல்லாத் திருத்தங்களையும் முடித்துவிட்டு, அறுப்பு நடக்கும் வாரங்களில் பிழைகளை மட்டும் சரிசெய்யுங்கள், புது வரி எதையும் சேர்க்க வேண்டாம்.